கையெழுத்துப் போடாத மனு

போன வாரம் ஆதார் அட்டைக்கு ஒரு நகல் எடுப்பதற்காக சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் நின்றிருந்தேன். கடையில் இருந்த பெண் போனில் பேசிக்கொண்டே அட்டையைக் கண்ணாடியில் கவிழ்த்து மூடிப் பட்டனை அழுத்தினாள். பச்சை வெளிச்சம் ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியது. தாள் வந்தது. அதை வாங்கி, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மூக்கருகே கொண்டுபோனேன். சூடு ஆறாத காகிதத்தின் வாசனை. இஸ்திரி போட்ட சட்டையும் இடி இடித்து முடித்த காற்றும் கலந்தது போல இருக்கும்.

"ஏன் சார், சரியா வரலயா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நல்லா வந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஐம்பத்தைந்து வயது ஆள் ஒருவன் ஜெராக்ஸ் காகிதத்தை முகர்ந்து பார்ப்பதற்கு நடுத்தெருவில் என்ன விளக்கம் கொடுப்பது? உங்களிடம் என்றால் உட்கார்ந்து சொல்லலாம்.

நான் அந்த ஜெராக்ஸ் இயந்திரங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவன். கம்பெனி கொடுத்த கார்டில் 'சர்வீஸ் இன்ஜினியர்' என்று போட்டிருக்கும். ஒரு மொபெட், தோளில் கருப்புப் பை, அதற்குள் நாலைந்து ஸ்க்ரூ டிரைவர், பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில். இன்ஜினியர் அவ்வளவுதான். பெரிய அலுவலகங்களில் தொடங்கி ஆஸ்டின் டவுன் சந்துக் கடைகள்வரை எல்லா இடத்துக்கும் போவேன்; எந்த இடத்திலும் ஒரு மணி நேரம் தங்கியதில்லை. இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, சிக்கிய தாளை உருவி, துடைத்து மூடிவிட்டால் வேலை முடிந்தது. நகக்கண்ணில் எப்போதும் கருப்பு மைப்பொடி. எங்கள் கல்யாண போட்டோவை உற்றுப் பார்த்தால் மோதிரம் போட்ட கையில் அந்தக் கருப்பு தெரியும். அதை முதலில் கண்டுபிடித்துச் சிரித்தவள் கிருபாதான்.

கிருபா என் மனைவி. இப்போது அப்படிச் சொல்லக்கூடாது. என் மனைவியாக இருந்தவள். ஆம்பூர்ப் பெண். நான் அரக்கோணம். இரண்டு பேருக்கும் பெங்களூர் புதிது. ஜோகுபாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரி ராஜம்மா. அந்தத் தெருவில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. ராஜம்மா ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கினால் எதில் முடிப்பார் என்று அவருக்கே தெரியாது. மாடிக்குக் குழாய்த் தண்ணீர் ஏறாது. கீழே தொட்டியிலிருந்து வாளியில்தான் தண்ணீர் சுமக்க வேண்டும். இந்தத் தண்ணீர் விஷயத்தை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

கல்யாணமான மூன்றாம் வருடம் கிருபா உண்டானாள். ஏழாம் மாதத்தில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், எல்லாம் முடிந்துபோயிற்று. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் வேலை செய்கிறவரும் நானும் மட்டும்தான் போனோம். கிருபாவை டாக்டர் விடவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. "சாப்டீங்களா", "சாப்டேன்", "கதவ சாத்துங்க" என்ற மூன்று வாக்கியங்களில் மூன்று மாதம் ஓடியது. பிறகு அவள் அம்மா வீட்டுக்குப் பத்து நாள் போய்வருகிறேன் என்றாள். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். அந்தப் பத்து நாள் இரண்டு வருடம் ஆனது.

எங்கள் சர்ச்சில் புது வருட ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். ஒரு தட்டில் குவிந்திருக்கும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடம் முழுவதற்கும் கடவுள் உங்களுக்குத் தரும் வாக்கு அது. கிருபா வயிற்றில் பிள்ளையோடு இருந்த வருடம் எனக்கு வந்த அட்டை, சாப்பாட்டு மேஜையைச் சுற்றிப் பிள்ளைகள் இருப்பார்கள் என்றது. அதை அலமாரிக் கண்ணாடியின் இடுக்கில் செருகி வைத்திருந்தேன். அதற்கடுத்த வருடம் வந்தது கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் என்றது. அதையும் செருகி வைத்தேன். தலை வாரும்போதெல்லாம் இரண்டும் கண்ணில் படும். மூன்றாம் வருடம் தட்டு என் பக்கம் வந்தபோது பாத்ரூமுக்குப் போகிறவன் மாதிரி எழுந்து வெளியே போய்விட்டேன். கடவுளிடம் கோபம் என்று சொல்லமாட்டேன். கடைக்காரர் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று சொன்னால் ஒரு கட்டத்தில் அந்தத் தெரு வழியே போவதை விட்டுவிடுவோமே, அந்த மாதிரி.

ஆவடியில் இருந்த என் அண்ணன்தான் வக்கீல் பேச்சைத் தொடங்கினார். அப்பா அம்மா இல்லை. மாதம் ஒருமுறை அவர் போன் பண்ணுவார். "ரெண்டு வருஷம் ஆச்சு. அவ வரமாட்டா. கேஸப் போட்டு முடி. உனக்கு என்ன வயசாயிடுச்சு, முப்பத்தி நாலுதான?" என்றார். எனக்கு முடிப்பதில் விருப்பம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. கிருபா திரும்பி வரவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. விருப்பத்தைச் சொல்ல ஆளில்லாதபோது மற்றவர்கள் சொல்வதைச் செய்துவிடுவது சுலபம்.

வக்கீல் சம்பங்கி சாரை எனக்குத் தொழில் வழியாகத் தெரியும். கோர்ட்டுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் டைப் அடிக்கும் கடைகளும் ஜெராக்ஸ் கடைகளும் வரிசையாக இருக்கும். அவருடைய ஆபீஸ் மாடியில். கீழே இருந்த கடையின் இயந்திரத்தை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் விபூதி, வாய் நிறைய வெற்றிலை, நல்ல மனிதர். நான் சொன்னதை எல்லாம் ஒரு மத்தியானம் பொறுமையாகக் கேட்டார். ஒரு சனிக்கிழமை வந்து மனுவை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்.

மனு இங்கிலீஷில் எட்டுப் பக்கம். படித்துப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். அங்கேயே நின்று முதல் இரண்டு பக்கங்களைப் புரட்டினேன்.

"சார், இதுல என்னை அடிச்சாங்கன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அவங்க அடிக்கல சார்."

"அடிச்சாங்கன்னு யாரு சொன்னா? இது பார்மேட்டு தம்பி. எல்லாருக்கும் போடற மேட்டர்தான். சும்மா மனசு ஒத்துப்போகலன்னு எழுதினா ஜட்ஜ் என்ன பண்ணுவாரு? வூட்டுக்குப் போய் இன்னும் நாலு நாள் பேசிப் பாருங்கம்பாரு. கோர்ட்டுக்கு ஒரு காரணம், கிரவுண்டு வேணும்."

மறுநாள் ஞாயிறு. நான் சர்ச்சுக்குப் போகவில்லை. ஜன்னலோரம் பாய் போட்டு உட்கார்ந்து மனுவைப் படித்தேன். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குப் புத்தி சரியில்லை, அதை மறைத்துக் கட்டிவைத்தார்கள், சமைக்கமாட்டாள், கை நீட்டுவாள், சுடுதண்ணீரை எடுத்துக்கொண்டு மேலே ஊற்ற வந்தாள் என்றெல்லாம் இருந்தது. படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் என் மெக்கானிக் புத்தி விழித்துக்கொண்டது. தாளின் இடது ஓரத்தில் மெல்லிய கருப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடியது. இயந்திரத்துக்குள் சுழலும் டிரம்மில் கீறல் விழுந்தால் அப்படி வரும். அது கீழ்க்கடை இயந்திரத்தின் கீறல்தான். நான் மாற்றச் சொல்லியும் கடைக்காரர் கேட்கவில்லை. ஆனால் இந்தத் தாளில் ஒரு கோடு இல்லை, பக்கத்தில் பக்கத்தில் மூன்று. நகலை நகல் எடுத்து, அதை மறுபடி நகல் எடுத்தால்தான் அப்படி மூன்று விழும். பெயர் வருகிற இடங்களில் மட்டும் வெள்ளை மை பூசி, அதன்மேல் கிருபாவின் பெயரை டைப் அடித்திருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரு இடத்தில் பூச்சுக்கு அடியிலிருந்து வேறொரு பெண்ணின் பெயர் பாதி தெரிந்தது. சுஜாதாவோ என்னவோ. அந்தச் சுடுதண்ணீர் எத்தனை வீடு ஏறி இறங்கி வந்திருக்கிறதோ.

ஏழாம் பக்கத்துக்கு வந்தேன். அதில் ஒரு பத்தி மட்டும் நகல் இல்லை. எழுத்துக்கள் கூர்மையாக இருந்தன. புதிதாக டைப் அடித்தது. மனைவி கர்ப்ப காலத்தில் வேண்டுமென்றே கனமான தண்ணீர் வாளிகளைச் சுமந்து மாடி ஏறியதால் குழந்தை இறந்தது என்று அதில் இருந்தது.

அது நான் சொன்னது. அன்று மத்தியானம் சம்பங்கி சாரிடம், "கடைசி வாரம்வரைக்கும் அவதான் சார் தண்ணி தூக்கினா" என்று என் வாயால் சொல்லியிருந்தேன். ஏன் அவள் தூக்கினாள் என்பதை நான் சொல்லவில்லை. காலையில் ஏழரை மணிக்கே மொபெட்டை எடுத்துக்கொண்டு நான் போய்விடுவேன் என்று சொல்லவில்லை. தண்ணீரால்தான் அப்படி ஆயிற்று என்று எந்த டாக்டரும் சொல்லவும் இல்லை. மற்ற ஏழு பக்கமும் யாருடைய பொய்யோ. இந்த ஒரு பத்தி என்னுடையது.

பேனாவை எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடுத்து மூடியைக் கழற்றி, முதல் பக்கத்தின் அடியில் வைத்தேன். அண்ணன் சொன்னதுபோல் முடிந்துவிட்டால் போதும் என்றுதான் இருந்தது. அப்போதுதான், யாரும் கூப்பிடாமல், சின்ன வயதில் மனப்பாடம் செய்த பத்துக் கட்டளைகள் நாக்கில் வந்தன.

அரக்கோணத்தில் ஞாயிறு பள்ளியில் அவற்றை ராகம் போட்டுச் சொல்லவேண்டும். தப்பில்லாமல் பத்தையும் சொன்னால் ஒரு பென்சில். விபசாரம் கூடாது என்று வருகிற இடத்தில் எல்லோரும் உரக்கக் கத்துவோம், காரணம் அந்த வார்த்தையின் ஓசை நன்றாக இருந்தது. அப்படியென்றால் என்ன என்று நான் டீச்சரைக் கேட்டேன். அவர் முகம் சிவந்து, "அது பெரியவங்களுக்கு" என்றார். சம்பளம் வாங்குவது, மீசை வைப்பது மாதிரி அதுவும் பெரியவர்களுக்கு உரியது போலிருக்கிறது என்று சில வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஆக, இந்தக் கட்டளைகளோடு எனக்கு இருந்த உறவு ஒரு பென்சில் அளவுதான்.

அன்று அந்த ராகத்தோடேயே வந்தன. முதலிலிருந்து சொல்லிக்கொண்டே போனேன். ஒன்பதாவதில் நின்றேன். பிறனுக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொல்லக் கூடாது. பிறன் என்றால் அடுத்த தெரு ஆள், பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்கிறவன், இப்படித்தான் நினைத்திருந்தேன். கிருபா எனக்குப் பிறன் என்று தோன்றியதே இல்லை. அவள் இரண்டு வருடமாக ஆம்பூரில் இருக்கிறாள். அவளைப் பற்றி நான் என்ன எழுதினாலும் பக்கத்தில் நின்று மறுத்துச் சொல்ல முடியாத தூரத்தில் இருக்கிறாள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அந்தச் சொல் போல.

மூடியைப் பேனாவில் மாட்டினேன்.

பிறகு நடந்ததைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வந்தது இல்லை. நான் அதற்குள் வேறொன்றைக் கவனித்திருந்தேன். அந்தப் பத்தும் என்னை 'நீ' என்று கூப்பிட்டன. செய்யாதிருப்பாயாக என்றால் நீ செய்யாதே என்றுதானே. யோசித்துப் பாருங்கள், அப்போது என்னை யார் நீ என்பார்கள்? கடைகளில் சார். கம்பெனியில் எல்லோரும் நீங்க. ராஜம்மாவும் நீங்க. கிருபாவுக்கு எப்போதுமே நீங்க. அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை நீ என்பார், அதுவும் தொலைபேசி வழியாக, திட்டுவதற்கு. வாக்குத்தத்த அட்டைகள் என் பெயரே தெரியாமல் தட்டில் கிடந்தவை. இது அப்படி இல்லை. ஒரு ஆள் அறைக்குள் வந்து, டேய், நீ இதைச் செய்யாதே என்று சொன்னதுபோல் இருந்தது. என்னிடமிருந்து ஒன்றை இன்னும் எதிர்பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்லவில்லை. கிருபா வருவாள் என்றும் சொல்லவில்லை. இன்றைக்கு, இந்தப் பேனாவை என்ன செய்வது என்பதை மட்டும் சொன்னது. இரண்டு வருடத்தில் யாரும் எனக்கு அவ்வளவு தெளிவாக ஒன்றைச் சொன்னதில்லை.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. மாடிப்படியில் ராஜம்மா குரல் கேட்டது.

"சார், யாராச்சும் நெண்டரு வந்திருக்காங்களா? தண்ணி சாஸ்தி வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, தொட்டி காலியாகப் போகுது."

நெண்டர் என்றால் கன்னடத்தில் உறவுக்காரர்கள். யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், உள்ளே காலியான அறையைப் பார்த்தார்.

"தனியாத்தான் பேசிட்டிருந்தீங்களா?"

"ஆமாங்க."

"பேசுங்க, பேசுங்க. பரவால்ல. எங்க வூட்டுக்காரரு போனப்ப நானும் ஒரு வருஷம் அடுப்புகிட்ட பேசிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மனுவைச் சம்பங்கி சார் மேஜையில் திருப்பி வைத்தேன். கையெழுத்து இல்லாததைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க மதத்துல பொய்ச் சாட்சி சொல்லக்கூடாதுன்னு இருக்கு சார்."

"எங்க மதத்துல மட்டும் சொல்லலாம்னா இருக்குது?" என்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "சரி. உண்மைய மட்டும் எழுதணும்னா ஒரு வழிதான். ரெண்டு பேரும் சேந்து வந்து, ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொல்லாம, பிரிஞ்சுக்கிறோம்னு கேக்கணும். அதுக்கப்புறமும் ஆறு மாசம் போவணும். அந்தம்மா வருவாங்களா?"

தெரியாது என்றேன். அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும், "நல்லவன்னு யாருக்குடா காட்டப் போற?" என்று கேட்டுவிட்டு மூன்று மாதம் போன் பண்ணவில்லை. திட்டுவதற்கு இருந்த ஒரு 'நீ'யும் போயிற்று.

அந்த மூன்று மாதம்தான் என் வாழ்க்கையிலேயே மிகவும் ஆளில்லாத காலம். ஆனால் அதை நினைத்தால் எனக்குப் பயம் வருவதில்லை. மொபெட்டில் போகும்போது பத்தையும் சொல்லிக்கொண்டு போவேன். அல்சூர் ஏரிக்கரையில் தொடங்கினால் சிவாஜிநகர் மார்க்கெட் நெரிசலில் முடியும். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று அன்றைக்கென்று உறைக்கும். கம்பெனியில் மத்தியானம் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, அவரவர் வீட்டு ரசத்தின் வாசனை வரும். எனக்கு அந்த ரசம் வேண்டாம். அதை மூடிக் கட்டிக் கொடுத்த கை வேண்டும். பிறனுடைய வீட்டின் மேல் ஆசைப்படாதே என்ற பத்தாவது கட்டளை அங்கே வந்து நிற்கும். ஆச்சரியமாக இருக்கும், இதுகூடத் தெரிந்திருக்கிறதே என்று. மனதில் மட்டும் செய்கிற தப்பு அது, யாருக்கும் தெரியாது. அதற்கும் ஒரு கட்டளை எழுதி வைத்தவர், இப்படி ஒருவன் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று எதிர்பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை தேடிப் போய் நேரத்தைக் கொன்றுகொண்டிருந்தவன், அதை விட்டேன். ஓய்ந்திரு என்றும் ஒரு கட்டளை இருக்கிறதே. பாயில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். கீழ்ப்படிந்து படுத்திருக்கிறோம் என்ற நினைப்பில் தனிமை கொஞ்சம் மரியாதையான விஷயமாக ஆகிவிட்டது.

பிறகு ஒரு சனிக்கிழமை ஆம்பூருக்கு ரயில் ஏறினேன்.

கிருபா இளைத்திருந்தாள். அவள் அம்மா எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். முன்னறையில் நாங்கள் மட்டும். தையல் மெஷின் ஒன்றில் பாதி தைத்த ரவிக்கை இருந்தது.

"கேஸ் போடப் போறீங்கன்னு சொன்னாங்க" என்றாள். "என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணும் எழுதல. எழுதிக் குடுத்தாங்க. நான் கையெழுத்துப் போடல."

"என்ன இருந்துச்சு அதுல?"

பொய் சொல்லக்கூடாது என்று கிளம்பி வந்தவன் அங்கே மட்டும் எப்படி மறைப்பது? தண்ணீர் வாளி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் வாளியை என் வாயால்தான் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் மெஷின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் ஏன் வந்துட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்தத் தொட்டில் கொக்கி."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஐந்தாம் மாதத்திலேயே, ஆசையில், அறைக் கூரையில் நான் ஒரு இரும்புக் கொக்கி அடித்திருந்தேன், தொட்டில் கட்டுவதற்கு. ஏதோ அக்கறையுள்ள அப்பன் மாதிரி.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே அத கழட்டுங்கன்னு சொன்னேன். அப்புறம்னீங்க. நாலு தடவ சொன்னேன். படுத்தா அதான் தெரியும். உங்களுக்குத் தெரியவே இல்லயா?"

ஓய்வுநாளில் எல்லாம் நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்த கூரை அது. கொக்கி அங்கேதான் இருந்தது. எனக்கு அது கூரையின் ஒரு பகுதியாக ஆகியிருந்தது. எட்டுப் பக்க மனுவில் இல்லாத உண்மை இவ்வளவு சின்னதாக இருந்தது.

"தப்பு என்னுது" என்றேன். "திரும்பி வர்றியா?" என்றும் கேட்டேன். கேட்காமல் வந்திருந்தால் அதுவும் ஒரு பொய்யாக இருந்திருக்கும்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "கோவத்துல சொல்லல. முடியல. நீங்க பொய் எழுதாம வந்து உக்காந்து சொன்னீங்க பாருங்க, அது போதும். எங்க கையெழுத்துப் போடணுமோ சொல்லுங்க, நான் வரேன்."

திரும்பி வந்த அன்றே ராஜம்மாவிடம் ஏணி வாங்கிக் கொக்கியைக் கழற்றினேன். துருப்பிடித்து வர மறுத்தது. சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தபோது ஒரு கைப்பிடி சுண்ணாம்பும் சேர்ந்து விழுந்தது.

சம்பங்கி சார் எழுதிய புது மனு ஒன்றரைப் பக்கம். ஒரு கோடும் இல்லாத சுத்தமான தாள். இரண்டு தடவை கோர்ட்டுக்குப் போனோம், நடுவில் ஆறு மாதம். இரண்டாம் தடவை ஜட்ஜ் அம்மா கிருபாவைப் பார்த்து, இவர்மேல் ஏதாவது புகார் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் எதற்குப் பிரிகிறீர்கள் என்பதுபோல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த 'இல்லை'யைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அதை மட்டும் நான் எனக்குச் சொந்தமான சாமான் மாதிரி இன்னும் வைத்திருக்கிறேன்.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. அவளுக்கு இரண்டரைக்கு ரயில். எதிர் வரிசையில், மூலையில், ஒரு சின்ன ஓட்டல் இருந்தது. ஆறே மேஜை. போய் உட்கார்ந்தோம். சர்வர் வந்து எங்களைப் பார்த்ததும், "காபி பை-டூதானே சார்?" என்று தானே முடிவு செய்துகொண்டு போனான். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக்கொண்டு வந்தான். கிருபா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். கோர்ட் இப்போதுதான் பிரித்துவிட்டது என்று அவனுக்கு யார் சொல்வது?

டம்ளர் பாதியானபோது அவள் சொன்னாள். "நான் அவளுக்கு ஒரு பேர் வச்சிருந்தேன். உங்ககிட்ட சொல்லல."

"என்ன பேர்?"

சொன்னாள். அந்தச் சத்தத்தில், தட்டு விழுவதற்கும் தோசைக்கல் சீறுவதற்கும் நடுவில், ஒரு தடவைதான் சொன்னாள். எனக்குச் சரியாகக் கேட்டது. நல்ல பேர். கூப்பிடுவதற்கு எளிதான பேர். பிறகு இரண்டு பேரும் காபியைக் குடித்து முடித்தோம்.

அவளுக்கு மறுபடி கல்யாணம் ஆனது. ஒரு பையன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஆகவில்லை, ஏன் என்று கேட்டால் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. சம்பங்கி சார் போய்ச் சேர்ந்துவிட்டார். ராஜம்மாவும் போய்விட்டார். அவருடைய பிள்ளைகள் அந்த வீட்டை இடித்து நான்கு மாடி எழுப்பி, ஐ.டி.யில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அறை அறையாக விட்டிருக்கிறார்கள். கோர்ட்டுப் பக்கத்துச் சந்தில் டைப் அடிக்கும் சத்தம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த வழியாகப் போனபோது மூலை ஓட்டலைத் தேடினேன். அந்த வரிசை முழுவதையும் எடுத்துவிட்டு ஒரே கட்டடமாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே கண்ணாடி போட்ட மொபைல் ஷோரூம். வாசலில் நின்று, எங்கள் மேஜை எங்கே இருந்திருக்கும் என்று தள்ளித் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு செக்யூரிட்டி வந்து, உள்ளே போகிறதானால் போங்கள் சார் என்றான்.

உலகத்தில் ஒரே ஒரு தடவை அந்தப் பேர் வாய்விட்டுச் சொல்லப்பட்ட இடம் அது. அங்கே இப்போது ஆறு பெண்கள் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு போன் விற்கிறார்கள்.